மரணசாதன வழக்கு: எந்தச் சட்டத்தரணியிடம் போவது?

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் ஒரு குடும்பம் தன் காணியைப் பார்க்கப் போகின்றது. அங்கே குடியிருக்கும் உறவினர் ஒரு தாளைக் காட்டி, "பெரியய்யா சாகமுன்னம் எல்லாத்தையும் எனக்கு எழுதிப்போட்டார்" என்கிறார். வேலியடியில் நின்று சண்டை பிடிப்பதால் பயன் இல்லை. சட்டத்தரணி ஒருவரை நாடவேண்டும். ஆனால் யாரை?

பழைய ஆட்கள் இன்னமும் புறக்டர், அப்புக்காத்து என்று பிரித்துப் பேசுவார்கள். 1974 தொடக்கம் எல்லோரும் சட்டத்தரணிகளே. எனினும் எல்லோருக்கும் எல்லா வழக்கும் கைவந்ததல்ல. கொலை வழக்கில் பெயரெடுத்தவர் மரணசாதன வழக்கொன்றைத் தொட்டிருக்கவே மாட்டார். "மாவட்ட நீதிமன்றத்தில் இப்படியான வழக்குகள் பேசியிருக்கிறீர்களா?" என்று நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கோட்டடியில் கையைப் பிடித்து இழுக்கும் தரகரை நம்பிப் போகாதீர்கள்.

அந்த மரணசாதனத்தை எழுதிய நொத்தாரிசும் ஒரு சட்டத்தரணியாகவே இருக்கக்கூடும். குடும்பத்துக்குப் பழக்கமானவர் என்று அவரிடமே போகக்கூடாது. நாளை அவரே சாட்சிக் கூண்டில் ஏறவேண்டி வரலாம்.

முதற் சந்திப்பிலேயே ஆளை ஓரளவு எடைபோடலாம். மரணசாதனம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டதாயின் இரண்டு சாட்சிகளாவது வேண்டும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள். 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம் இது. ஆகவே விடயம் தெரிந்தவர், யார் யார் கையொப்பமிட்டார்கள், அந்நேரம் பெரியவருக்குச் சுயநினைவு இருந்ததா, அவரைப் பராமரித்தவர் யார் என்று விசாரிப்பார். காணி யாருடையது என்றும் கேட்பார். தாயாரின் சீதனக் காணியைத் தகப்பனார் தமது மரணசாதனத்தில் எழுதிக் கொடுக்கமுடியாது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று தேசவழமையில் விதிகள் வேறுபடுகின்றன. தேட்டம் பற்றிய விதி சட்டம் படித்தவர்களையே தடுமாற வைப்பது. இவை ஒன்றையும் கேளாமல் "வெல்லலாம், பயப்படாதையுங்கோ" என்பவரைவிட, "உறுதியைப் பார்த்த பிறகு சொல்கிறேன்" என்பவர் மேல்.

தாமதிக்கக்கூடாது. மரணசாதனத்தை ஏற்குமாறு நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஆட்சேபிக்க ஒரு திகதியும் குறிக்கப்படும். தூர இடத்தில் இருப்பவரின் கண்ணில் அது படாமலே போகலாம். உறவினர் தாளைக் காட்டிய மறுகிழமையே, வழக்கு ஏதும் தாக்கலாகியுள்ளதா என நீதிமன்றப் பதிவகத்தில் பார்க்குமாறு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். இறுதி விளக்கத்துக்கு முன்னர் உங்கள் எதிர்ப்பைப் பதிவுசெய்ய வழி உண்டு.

சட்டத்தரணிக்கு உரிமை கொடுக்கும் பத்திரத்தைப் 'புறொக்சி' என்பார்கள். அதில் ஒப்பமிட்ட பின் ஆளை மாற்ற நீதிமன்றத்தின் அனுமதி தேவை. எனவே நன்கு யோசித்து ஒப்பமிடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் ஒப்பமிடவேண்டாம். மூல உறுதியைக் கொடுத்தால் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். முதலில் பிரதியைக் கொடுப்பதே நல்லது. ஓடிய ஓட்டத்தில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முயலுங்கள்.

கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: மொத்தமாகவா, தவணைக்கு இவ்வளவா, முத்திரைச் செலவு புறம்பா? மரணசாதன வழக்குகள் ஆண்டுக் கணக்கில் இழுபடுவதுண்டு. தவணைக் காசு சிறிதாகத் தெரிந்தாலும் ஈற்றில் ஒரு பரப்புக் காணியின் விலையை விழுங்கிவிடும்.

காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த ஆணைக்குழு வறியவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்கின்றது. போகும்போது அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், உங்கள் வருமானம் பற்றிய கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.