ஊருக்கும் மேலாளர் உண்டு!

குட்டீஸ்! உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கொசு மொய்க்கிறது. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? கவுன்சிலரிடமா, ஆபீசரிடமா?

இரண்டு பேரிடமும் சொல்லலாம். ஏன் தெரியுமா?

திருவள்ளூரை எடுத்துக்கொள்வோம். இது ஒரு நகராட்சி. மொத்தம் 27 வார்டுகள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர். 2022 பிப்ரவரி 19-ந் தேதி நடந்த தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டு இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு கவுன்சிலர்கள் கூடி, தங்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்தத் தெருவுக்குச் சாலை, எங்கே கால்வாய் என்று முடிவு எடுப்பது இவர்கள் வேலை. அந்த முடிவுக்குப் பெயர் தீர்மானம்.

தீர்மானம் போட்டால் மட்டும் கால்வாய் வந்துவிடுமா? டெண்டர் விட வேண்டும். வரி வசூலிக்க வேண்டும். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் கவனிப்பவர் ஆணையர். இவர் ஓட்டு வாங்கி வந்தவர் இல்லை. மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. கும்மிடிப்பூண்டி போன்ற பேரூராட்சியில் இதே வேலையைச் செய்பவருக்குச் செயல் அலுவலர் என்று பெயர்.

வெள்ளம் தந்த பாடம்

அமெரிக்காவில் டேட்டன் என்று ஒரு நகரம். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் ஊர்! 1913-ல் அங்கே பெரும் வெள்ளம் வந்தது. ஊரைச் சீர்படுத்த நிர்வாகம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று மக்கள் நினைத்தார்கள். 1914-ல் 'நகர மேலாளர்' பொறுப்பேற்றார். அவரை வேலைக்கு வைத்தது யார்? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம்தான். சரியில்லை என்றால் மன்றமே அவரை நீக்கலாம்.

இங்குதான் வித்தியாசம். சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க நாமே மேஸ்திரியைக் கூப்பிடுவோம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் மேஸ்திரியை அனுப்புவார். டேட்டன் மேலாளர் முதல் வகை. நம் ஆணையர் இரண்டாம் வகை. அவரை இடமாற்றம் செய்யும் அதிகாரம் அரசுக்குத்தான், கவுன்சிலர்களுக்கு இல்லை.

ஓட்டே இல்லாத இடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இன்னொரு வகை. அதற்குள் சாலை, தண்ணீர் வசதிகளைப் பார்த்துக்கொள்வது சிப்காட். 1971-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசு நிறுவனம் இது. இதை நடத்துவது அதிகாரிகள். சிப்காட்டுக்குக் கவுன்சிலர்கள் கிடையாது. தொழிற்பேட்டைச் சாலையில் பள்ளம் என்றால் சிப்காட் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும்.

ஆக, மனு எழுதும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 'இந்த இடம் யாருடைய பொறுப்பு?' முகவரி மாறினால் மனு மேஜை மேஜையாகச் சுற்றும். தண்ணீரோ தெருவிலேயே நிற்கும்!

இன்னும் சில வருடங்கள்தான். 18 வயதானால் நீங்கள் ஓட்டுப் போடலாம். 21 வயதானால் கவுன்சிலர் தேர்தலில் நிற்கவே செய்யலாம். அதற்கு முன்னால், உங்கள் வீடு எத்தனாவது வார்டு? இன்றே வீட்டில் கேட்டுப் பாருங்களேன்!