ஈரல் மாற்றியவரின் சிறுநீரகம்: யூரிக் அமிலம் சொல்லும் சேதி

ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து ஒருவர் வீடு வந்து சேர்ந்துவிட்டால் "ஆள் தப்பிவிட்டார்" என்றுதான் ஊரில் பேசிக்கொள்வார்கள். அதன் பின்னர் அவருடைய ஆயுளைத் தீர்மானிப்பதில் சிறுநீரகத்துக்கும் பெரிய பங்குண்டு. 1990 முதல் 2000 வரை அமெரிக்காவில் சிறுநீரகம் தவிர்ந்த உறுப்புகளை மாற்றிக்கொண்ட 69,321 பேரை ஆராய்ந்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. ஈரல் மாற்றியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு ஐந்து வருடங்களுக்குள் சிறுநீரகம் நாட்பட்ட செயலிழப்புக்கு உள்ளாகியிருந்தது. உறுப்பு மாற்றியோரில் சிறுநீரகம் இவ்வாறு பழுதானவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

புதிய ஈரலை உடல் நிராகரிக்காமல் காக்கும் தக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் நுண் குருதிக்குழாய்களைச் சுருக்குகின்றன. யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீருடன்தான் வெளியேற வேண்டும். வடிகட்டல் குறைய, அது குருதியில் தேங்குகிறது.

மூதூரில் கடற்றொழில் செய்த என் சித்தப்பா ஈரல் மாற்றியவர். அவருடைய கிளினிக் கொப்பியை நான்தான் வைத்திருக்கிறேன். யூரிக் அமிலம் 8ஐத் தாண்டியபோது (ஆண்களுக்கு 7 வரை பரவாயில்லை) பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சூடைக் கருவாட்டைக் குற்றம் சொன்னார்கள். வைத்தியரோ பக்கத்தில் எழுதியிருந்த கிறியற்றினின் அளவைக் காட்டினார். அதுவும் கூடவே ஏறியிருந்தது. கருவாட்டுக்கும் பங்குண்டுதான், ஆனால் சிறிய பங்கு.

அப்படியானால் யூரிக் அமிலத்தைக் குளிசையால் இறக்கிவிட்டால் சிறுநீரகம் தப்புமா? ஈரல் மாற்றாத சிறுநீரக நோயாளரிடமும் நீரிழிவு நோயாளரிடமும் அலோபியூரினோல் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2020இல் வெளிவந்தன. யூரிக் அமிலம் இறங்கியது. சிறுநீரகம் பழுதாகும் வேகம் குறையவில்லை. ஆகவே அந்த எண்ணை ஓர் எச்சரிக்கையாகவே நான் பார்க்கிறேன். மூட்டு வீங்கி வலிப்பவருக்கு அலோபியூரினோல் தேவைப்படலாம். ஆனால் அசத்தியோபிறின் எடுப்பவர் அதையும் சேர்த்து விழுங்கினால் எலும்பு மச்சை ஒடுங்கி, வெண்குருதிக் கலங்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

எமது பகுதியில் எனக்குக் கூடுதல் பயம் தருவது வேறொன்று. 2006 சண்டையில் பட்ட ஷெல் துண்டுகளை இன்னும் உடம்பில் சுமப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரவில் நோவு தாங்காமல் பாமசியில் டைக்ளோபெனாக், இபுபுறொபன் என்று வாங்கி வருடக்கணக்காகப் போடுகிறார்கள். இந்தக் குளிசைகளும் சிறுநீரகத்துக்கான குருதியோட்டத்தைக் குறைப்பவை. தக்ரோலிமஸுடன் சேர்ந்தால் இரண்டு பக்கத்தாலும் நெரிப்பதுபோல. வெயிலில் வேலை செய்து தண்ணீரும் குடிக்காதவருக்குச் சொல்லவே தேவையில்லை.

கிறியற்றினினையும் தனியே நம்ப முடியாது. அது தசையிலிருந்து வருவது. நீண்டகால ஈரல் நோயால் உடல் மெலிந்தவருக்கு, சிறுநீரகம் பாதி பழுதான பின்னரும் அந்த அளவு சாதாரணமாகத் தெரியலாம். கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு அளவுகளையும் பழைய அளவுகளோடு வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாமசியில் வாங்கிய நோக் குளிசையின் மட்டையையும் மறைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.