நமக்காகவும் ஒரு பயணம்

எமது பெண்கள் தனியாகப் பயணம் செய்வதில்லை என்று பலரும் சொல்வதுண்டு. இக்கூற்று உண்மையல்ல. யுத்த காலத்திலும், 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னரும் எமது பெண்கள் தனியாக அலைந்த தூரம் கொஞ்சமல்ல. பூஸா தடுப்பு முகாமுக்கும் வெலிக்கடைச் சிறைச்சாலைக்கும் சாப்பாட்டுப் பார்சலுடன் போனார்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஆணைக்குழுக்களின் முன் நின்றார்கள். பாஷை தெரியாத ஊர்களில் பஸ் மாறினார்கள். அப்போது, "பொம்பிளை தனியாகப் போகலாமா?" என்று கேட்டவர்கள் குறைவு.

ஆனால் அதே பெண், "இரண்டு நாள் ஒரு கடற்கரையில் தங்கி இளைப்பாறிவிட்டு வருகிறேன்" என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? துன்பத்துக்காகப் போகலாம், நேர்த்திக்காகப் போகலாம், சந்தோஷத்துக்காகப் போகக்கூடாது என்பது எழுதப்படாத சட்டமாகக் காணப்படுகின்றது. கணவனை இழந்த பெண்ணுக்கு இச்சட்டம் இன்னும் இறுக்கமானது. இதைப் பற்றிச் சிந்திப்பதற்கு எமது கிழக்குக் கரையிலேயே ஒரு நல்ல இடம் உண்டு. அதுதான் அறுகம்பை.

அலைகளின் ஊர்

அம்பாறை மாவட்டத்தில், பொத்துவில் நகரிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தெற்கே, களப்பின் மறுகரையில் அமைந்துள்ள சிறிய ஊர் அறுகம்பை. உள்ளூர் மக்கள் உல்லை என்று அழைப்பர். சேர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்கு விளையாட்டினால் இவ்வூர் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலைகள், இங்குள்ள முனையைச் சுற்றி ஒழுங்காகவும் நீளமாகவும் உருண்டு வருகின்றன. பலகையின் மீது ஏறி நின்று அவ்வலைகளில் சறுக்குவதற்காகப் பல நாட்டவரும் வருகின்றனர். வாடைக்காற்று தொடங்கியதும் கடல் கலங்கி விடுகின்றது. அலைச்சறுக்குக்காரர்கள் வெலிகம, ஹிக்கடுவ போன்ற தென்பகுதிக் கரைகளுக்குப் போய்விடுகின்றனர்.

அதன் பின்னர் அறுகம்பை மீண்டும் ஊராகின்றது. சில விடுதிகள் பூட்டப்படுகின்றன. திறந்திருக்கும் விடுதிகளில் அறை வாடகையும் குறைவு. கொளுத்தும் வெயில் இல்லை. காலையில் சால்வை போர்த்துக்கொள்ளும் அளவுக்குக் காற்று குளிர்கின்றது.

மாசி மாதத்தில் மூன்று நாள்

மாரி ஓய்ந்த ஒரு மாசி மாதத்தில் நான் அங்கு தனியாக மூன்று நாட்கள் தங்கினேன். விடுதியை நடத்திய அம்மா முதலில் கேட்டது, "ஆரோட வந்த நீங்க, மகள்?" என்பதுதான். தனியாக என்றேன். "வேலை விசயமாவா?" என்றார். கடல் பார்க்க என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்த அம்மாவும் அன்று தன் தங்கையை இழந்தவர். "கடலுக்குப் பக்கத்திலதான் சீவியம். ஆனா சும்மா போய்க் கடலைப் பார்த்து எத்தனையோ வருசம்" என்றார். இரண்டாம் நாள் மாலை அவராகவே என்னோடு நடந்து வந்தார். தோணிகள் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. நாங்கள் அதிகம் பேசவில்லை. இருட்டும் வரை இருந்துவிட்டுத் திரும்பினோம்.

எமது வாசகிகளில் பலருக்கும் கடல் என்றால் சுனாமியும் முள்ளிவாய்க்காலுமே நினைவுக்கு வரும். அவ்வாறானவர்கள் தம்மை வற்புறுத்திக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. குளமோ, கோவில் வீதியோ, மலைநாடோ, மனம் விரும்பும் இடம் எதுவாகவும் இருக்கலாம்.

பலகையில் ஏறிய பெண்கள்

இவ்வூரின் பெண்கள் நீண்டகாலமாக அலைச்சறுக்கைக் கரையில் நின்று பார்ப்பவர்களாகவே இருந்தனர். கறுத்துப் போவாய், வீட்டு வேலையைப் பார் என்ற பேச்சுகளுக்கு மத்தியில், 2018இல் 'அறுகம்பை கேர்ள்ஸ் சேர்ஃப் கிளப்' என்னும் பெண்களுக்கான கழகம் உருவானது. இலங்கையில் பெண்களுக்கு மட்டுமென அமைந்த முதலாவது அலைச்சறுக்குக் கழகம் இதுவாகும். பிள்ளை பெற்ற தாய்மாரும் இதில் இணைந்துள்ளனர். கடலில் இறங்க அவர்களுக்குத் தடையாக இருந்தது அலை மட்டுமல்ல, ஊர்ப்பேச்சுந்தான் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

போக விரும்புவோருக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்குப் பஸ்ஸில் போகலாம். அங்கிருந்து ஆட்டோவில் களப்புப் பாலத்தைக் கடந்தால் அறுகம்பை வந்துவிடும். சுனாமியில் சேதமடைந்த பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்ட இப்பாலம் 2008இல் திறக்கப்பட்டது. மேலும் தெற்கே போனால், தமிழரும் சிங்களவரும் தலைமுறைகளாக மணவுறவு கலந்து வாழ்ந்த பாணமைக் கிராமமும், அதற்கப்பால் உகந்தை முருகன் ஆலயமும் உள்ளன.

நவம்பர் முதல் ஜனவரி வரை கடும் மழையும் வெள்ளமும் ஏற்படக்கூடும் என்பதால் பெப்ரவரி மாதமே உகந்தது. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். பெண்கள் இருந்து நடத்தும் விடுதியை முன்கூட்டியே விசாரித்து ஒழுங்கு செய்யுங்கள். தங்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். வாடைக்காலத்தில் நீரோட்டம் கடுமையாக இருக்கும். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையானதும் லகுகல, பாணமை வீதிகளில் யானைகள் வரக்கூடும். அவசரத் தேவைக்குப் பொலிஸ் இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

"அன்றாடச் செலவுக்கே காசில்லை, இதற்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது நியாயமானது. பிள்ளையின் படிப்புக்கும் கடனுக்கும் பிறகுதான் மற்றவை. ஆயினும் மாதர் சங்கச் சேமிப்பில் கோவில் செலவுக்கு ஒதுக்குவது போல, வருடத்தில் ஒரு நாள் பயணத்துக்கும் சிறு தொகையை ஒதுக்கலாம். தனியே போகத் தயங்குபவர்கள் முதலில் ஒரு சிநேகிதியுடன் போய் வரலாம்.

சகோதரிகளே, மற்றவர்களுக்காக எத்தனையோ பஸ் ஏறி இறங்கிவிட்டோம். வழி கேட்கவும், தெரியாத ஊரில் தலைநிமிர்ந்து நிற்கவும் அந்த அலைச்சல் எமக்குக் கற்றுத் தந்துள்ளது. அந்தத் துணிவை ஒருமுறையேனும் எமக்காகவும் பயன்படுத்துவோம். அயலில் ஒரு பெண் அவ்வாறு புறப்படும்போது, "எங்கே, யாரோடு?" என்று விசாரிப்பதை விட்டு, "போய் வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லப் பழகுவோம்.