காலவெல்லையும் தெரிவும்

விளையாட்டு வினையற்றோரின் பொழுதுபோக்கு என எண்ணுவாருளர். ஆயினும், கணினியில் ஆடப்பெறும் ஆட்டங்களுள் ஒருவகை, சுதந்திரம் யாது என்னும் பழைய வினாவைப் புதியதொரு களத்தில் எழுப்புகின்றது. பாத்திரமேற்று ஆடும் திறந்த உலக ஆட்டங்களே அவை. இவற்றில் ஆடுவோன் ஒரு வீரனின் பாத்திரத்தை ஏற்று, பரந்த கற்பனையுலகில் விரும்பிய திசையிற் சென்று, எதிர்ப்படும் மாந்தர் வேண்டும் பணிகளை ஏற்கவும் மறுக்கவும் கூடும்.

இத்தகைய ஆட்டங்கள் பலவற்றிற் காலந்தாழ்த்துவதாற் கேடில்லை. 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ இதற்குச் சான்றாகும். உலகை அழிக்க மீண்டெழுந்த பறவைநாகத்தை வெல்லுதல் வீரனின் கடன். ஆனால், அவன் ஓராண்டு காடுகளில் மலர்கொய்து திரியினும் பறவைநாகம் பொறுத்திருக்கும். எனவே, ‘எதனைச் செய்வது?’ என்னும் வினா பெரும்பாலும் ‘எதனை முதலிற் செய்வது?’ எனச் சுருங்கிவிடுகின்றது.

1997இல் வெளிவந்த ‘ஃபோல்அவுட்’ இதற்கு மாறானது. அணுப்போரின் பின் நிலவறையில் வாழும் மக்களின் நீர்ப்பொறியில் ஓர் உறுப்புப் பழுதுறுகின்றது. மாற்றுறுப்புத் தேடிப் புறப்படும் வீரனுக்குள்ள தவணை 150 நாட்கள். பாழ்நிலத்தில் நடந்தாலும் நாட்கள் கழியும், ஓய்ந்திருந்தாலும் கழியும். வழியில் ஓரூரார் துயர் களையத் தங்குவானாயின், நிலவறை மக்களின் நீர் அந்த அளவுக்குக் குறையும். ஹப் என்னும் நகரத்து நீர் வணிகருக்குப் பொருள் கொடுத்து நிலவறைக்கு நீர் அனுப்புவித்தால் மேலும் 100 நாட்கள் கிட்டும். ஆயின், முதற்பதிப்பில், அவ்வணிகரின் போக்குவரவால் நிலவறை இருக்குமிடம் பகைவருக்கு விரைவில் வெளிப்பட்டுவிடும். தாகத்தைத் தள்ளிவைத்தவன் பகையை அருகழைத்தவனாகின்றான்.

காலவெல்லை, உலகைச் சுற்றிக் காணும் இன்பத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். அம்மறுப்பு முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. அதே ஆட்டத்தில், பகைவர் நிலவறையை அடைதற்கு விதித்திருந்த 500 நாள் எல்லை, பின்னர் வந்த திருத்தத்தில் தளர்த்தப்பட்டது. 150 நாள் எல்லையோ நிலைத்தது. இவ்விரண்டிற்கும் ஒரு வேறுபாடுண்டு. நீருக்கு எஞ்சிய நாட்களை ஆடுவோன் தன் கைக்கருவியிற் கண்டு கணக்கிடலாம். மற்றைய எல்லைக்கு அத்தகைய கணக்குக் காட்டப்படவில்லை. அறிவிக்கப்பட்ட எல்லை ஆராய்ந்து தெரிதற்கு இடந்தரும். மறைக்கப்பட்ட எல்லை பொறியாகவே முடியும்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், எல்லை சுதந்திரத்திற்கு எப்பொழுதும் பகையன்று என்பதே. ஒன்றைக் கொள்ளுங்கால் மற்றொன்றை இழக்கநேரும் என அறிந்து கொள்பவனே உண்மையில் தெரிவு செய்பவனாவான். தவணை குறித்த ஆட்டம் அவ்வறிவை ஆடுவோனுக்கு நாள்தோறும் உணர்த்துகின்றது.