ஆறு நிமிடக் கணக்கு

(நியூயார்க்கில் சட்டம் படித்தேன் – 14)

மன்ஹாட்டனில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் கோடைப் பணி கிடைத்ததைப் போன வாரம் சொன்னேன். சேர்ந்தது 2014 மே கடைசியில். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் வரும் இந்தப் பத்து வாரத்தை மாணவர்கள் எவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கோடை முடிவில் நிறுவனம் நிரந்தர வேலைக்கு அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால், அடுத்து எங்கே போய் உட்கார்ந்தாலும் ‘ஏன் அழைக்கவில்லை?’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வாரச் சம்பளம் 3,000 டாலருக்குச் சற்று மேல். மதியம் நல்ல நல்ல உணவகங்களுக்குக் கூட்டிப் போனார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனாலும் மூன்றாவது வாரத்திலேயே, பென் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு கம்பெனிகளுக்கிடையே வழக்கு. அவர்களின் பழைய மின்னஞ்சல்களைப் படித்து, வழக்குக்கு வேண்டியது, வேண்டாதது என்று பிரிப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. செய்ததையெல்லாம் ஆறு நிமிடத் துண்டுகளாகக் கணக்கெழுத வேண்டும். கட்சிக்காரருக்கு பில் போவது அந்தக் கணக்கில்தான். நிரந்தர வழக்கறிஞர்கள் ஆண்டுக்கு 1,900, 2,000 மணி நேரம் இப்படி எழுதிக் காட்டுகிறார்கள். சாப்பாடும் பயிற்சியும் காத்திருப்பும் அதில் சேராது என்பதால், அலுவலகத்தில் கழியும் நேரம் அதைவிட எவ்வளவோ அதிகம். இரவு எட்டு மணிக்கும் எதிர் அறைகளில் விளக்கு அணையாததைப் பார்த்தபோது, நான் பயந்தது கோடைக்காக இல்லை என்பது புரிந்தது.

அப்பாவிடம் தொலைபேசியில் அழுதேன். ஒன்பது வயதில் என்னை மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்குக் கூட்டி வந்தவர். “வேலை பிடிக்கலையா, ஆளுங்க பிடிக்கலையா, இல்ல ஊரே பிடிக்கலையாம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதிலுக்காக ஒரு நோட்டு வாங்கினேன். அலுவலகக் கணக்கு போலவே ஆறு நிமிடத் துண்டுகள்தான்; ஆனால் எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று குறித்தேன். நான் நினைத்தது மாதிரி இல்லை. மனுவுக்கான சட்ட ஆய்வில் மணிக்கணக்கில் மூழ்கியிருக்கிறேன். மின்னஞ்சல் பிரிப்பதுதான் கொன்றிருக்கிறது. அதைவிட, யாருக்காகச் செய்கிறேன் என்று தெரியாதது.

நியூயார்க்கில் வழக்கறிஞராகப் பதிவு பெற 50 மணி நேரம் இலவசச் சட்டப் பணி செய்திருக்க வேண்டும் என்ற விதி 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வர இருந்தது. அதற்காகப் பெயர் கொடுத்ததில், ஆறாவது வாரம் பிராங்க்ஸ் வீட்டுவசதி நீதிமன்றத்துக்குப் போனேன். வழக்கு நடப்பது உள்ளே என்றாலும் தீர்வது தாழ்வாரத்தில். வீட்டுக்காரரின் வக்கீல் கையில் கட்டோடு நின்று பெயரைக் கூப்பிடுவார். வாடகை பாக்கி வைத்த பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல அவள் பக்கம் ஆள் கிடையாது. குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது; வீடு பறிபோகிறவருக்கு அது பொருந்தாது. அவர்களுக்கும் வக்கீல் தர நியூயார்க் நகரம் சட்டம் இயற்றியது 2017இல்தான். அன்று நோட்டில் எதுவும் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

ஆனால் எனக்குக் கல்விக் கடன் ஒன்றரை லட்சம் டாலர். பெருநிறுவனத்தில் முதல் ஆண்டுச் சம்பளம் அப்போது 160,000. சட்ட உதவி அமைப்புகளில் அதில் பாதிகூட இல்லை. பொதுச் சேவையில் இருந்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மத்திய அரசுக் கடனின் மீதி தள்ளுபடி என்று 2007இல் ஒரு திட்டம் வந்திருந்தது. பத்து வருடம் ஆகாததால் அதுவரை ஒருவருக்கும் தள்ளுபடி ஆகியிருக்கவில்லை. (பிறகு 2017இல் விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். அதை மட்டும் நம்பி இருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.) இன்னொரு வழியும் இருந்தது: நீதிபதியிடம் ஓராண்டு உதவியாளராக இருக்கலாம், அது நல்ல பயிற்சி, முடிவைத் தள்ளியும் போடும்.

பாதியில் விட்டுவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “நாலு வாரம்தானேம்மா பாக்கி. அழைப்பு கைக்கு வரட்டும். அப்புறம் வேண்டாம்னு சொல்றது உன் இஷ்டம்.” இன்று மாணவர்கள் கேட்டால் நானும் அதையேதான் சொல்கிறேன், உடம்போ மனமோ நொறுங்கும் நிலையில் இல்லாதவரை. மிச்ச வாரங்களில் மனு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் கொடுப்பார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஆகஸ்டில் வேலைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. பதில் சொல்ல அவகாசம் இருந்தது. அன்று மாலையே பிராங்க்ஸ் சட்ட உதவி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் ஆண்டில் வாரம் இரண்டு நாள் வரலாமா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேராகத் தாழ்வாரத்துக்கே வந்துவிடச் சொன்னார்கள்.

(தொடரும்)