கட்டடக் கணக்கு – 9: ஏற்றும்போதே முடிவாகும் பாதை

சிமென்ட், கம்பி விலை ஏறி இறங்குவதைச் சென்ற வாரம் பார்த்தோம். கல்லாவுக்கு வந்த காசு வண்டிச் செலவாக வெளியே போகும் கதை இந்த வாரம்.

மதுரையில் ஒரு கடை. ஒத்தக்கடைக்கு 40 மூட்டை சிமென்ட், நரசிங்கத்துக்கு 12 எம்.எம். கம்பி 50. கடையிலிருந்து முதல் ஊர் 9 கி.மீ., அடுத்தது 10, இரண்டுக்கும் நடுவே 2 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே போய்வந்தால் 38 கி.மீ. ஒரே நடையில் முடித்தால் 21. மிச்சம் 17. இப்படி எந்த இரண்டு ஊரைச் சேர்த்தால் மிச்சம் அதிகமோ அதை முதலில் சேர்த்து, வண்டி தாங்கும் வரை சேர்த்துக்கொண்டே போவது 1964-ல் கிளார்க், ரைட் என்ற இருவர் வெளியிட்ட முறை. கிளார்க், மான்செஸ்டரில் ஒரு கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்துக்காரர். சரக்கு அனுப்பும் தலைவலி தெரிந்தவர். பத்து இடம் என்றால் போகும் வரிசை 36,28,800 விதம். அத்தனையையும் யார் உட்கார்ந்து பார்ப்பது? தாளும் பேனாவும் போதும் என்பதால் இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கிலோமீட்டருக்குச் சரக்கின் குணம் தெரியாது. மூட்டை 50 கிலோ வீதம் சிமென்ட் மட்டுமே இரண்டு டன். கம்பி அரை டன்னுக்குச் சற்று மேல். நாற்பது அடிக் கம்பியை இரண்டாக மடித்தாலும் இருபது அடி. தொட்டி குட்டையாக இருந்தால் வால் நீட்டும், வழியில் போலீஸ் மறிக்கும். கம்பி அடியில் கிடக்கும், மேலே தார்ப்பாய் விரித்து மூட்டை. எனவே சிமென்ட் கேட்டவர் வீடுதான் முதலில். நாளைக்கே ஆர்டர் மாறி, நரசிங்கத்துக்குச் சிமென்ட், ஒத்தக்கடைக்குக் கம்பி என்றால்? முதலில் நேராக நரசிங்கம் போய்விட்டு, திரும்பும்போது ஒத்தக்கடையில் கம்பியை இறக்கலாம். சுற்றை எந்தப் பக்கம் தொடங்கினாலும் அதே 21 கி.மீ.தான். டீசலில் காசு கூடாது. இதைக் கவனிக்காமல், பாதி மூட்டையை நடுரோட்டில் இறக்கிவைத்துக் கம்பியை உருவுபவர்கள் இன்றும் உண்டு.

இதற்கெல்லாம் மேலே ஒன்று: கான்கிரீட் போடும் வீடு. மிக்சர் வாடகைக்கு வந்து நிற்கும், ஆட்கள் காத்திருப்பார்கள். அங்கே எத்தனை கிலோமீட்டர் சுற்றினாலும் முதல் நடை அதுதான்.

ஆர்டர் எழுதும்போது விலாசத்தோடு இன்னும் கொஞ்சம் கேட்டு எழுதுவது நல்லது. சந்து எவ்வளவு அகலம், கரண்ட் கம்பி தாழ்ந்திருக்கிறதா, மூட்டை இறக்க ஆள் யாருடையது, இறக்குகூலி யார் தருவது? கூலித் தகராறில் வாசலில் நிற்கும் அரை மணி நேரம், சேர்த்துப் போட்ட ட்ரிப்பின் மிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். சந்து விஷயத்தில் மேப்பை விட டிரைவர் பேச்சுக்கே நான் மதிப்புத் தருவேன். "அண்ணாச்சி, அந்தத் தெருவுல பக்கத்து வீட்டுக்காரர் மணல் கொட்டி வச்சிருக்காரு. வண்டி திரும்பாது, குட்டி யானையில அனுப்புங்க" என்று அவர் காலையிலேயே சொல்லிவிட்டால், மூட்டைகளைத் தெருமுனையில் இறக்கித் தலைச்சுமையாக நடக்கும் கூலி மிச்சம்.

அடுத்த வாரம்: எம்-சாண்ட் யூனிட் கணக்கு.

(தொடரும்)