நைட்ரோ டிரக்கின் குறைகளும் அவற்றைக் களையும் முறையும்

ரேடியோ அலைகளால் இயங்கும் சிறு வண்டிகள் இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இடம் பெற்றுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பாட்டரியால் ஓடுபவை. ஆயினும், உண்மையான என்ஜினின் ஓசையையும் புகையையும் விரும்புவோர் நைட்ரோ டிரக்குகளையே நாடுகின்றனர். விலை மிகுந்த இவ்வண்டியின் என்ஜின் ஒரு சிறு திருகைத் தவறாகத் திருப்புவதாலேயே பாழாகிவிடும். ஆதலின், அத்திருகைத் தொடுமுன் ஆராய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூற விழைகிறோம்.

மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே இதன் எரிபொருள். பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் இக்கலவையிலுள்ள எண்ணெயன்றி வேறு எண்ணெய் கிடையாது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், வெப்பம் ஏறும், பிஸ்டன் தேய்ந்துவிடும். எரிபொருள் மிகுந்தாலோ வண்டி சோம்பி ஓடுமேயன்றி என்ஜினுக்குப் பெருங்கேடு நேராது. ஐயம் தோன்றும் போதெல்லாம் எரிபொருள் மிகுந்த பக்கமே நிற்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வண்டி சரிவர ஓடவில்லையெனில், பலரும் உடனே கார்பரேட்டரின் திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகின்றனர். முதலில் பார்க்க வேண்டியது சக்கரங்களை. என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையின்றி உருள வேண்டும். உருள மறுத்தால் பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், கியர்ப் பற்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கலாம். பற்களின் இடைவெளியை அறிய ஒரு மெல்லிய காகிதத் துண்டே போதும். பற்களுக்கிடையே அதனைச் செலுத்திச் சுழற்றினால், கிழியாமல் மடிப்பு மட்டும் பெற்று வெளிவர வேண்டும்.

என்ஜின் முழங்கியும் வண்டி நகராவிடில், கியர்ப் பல் தேய்ந்திருக்கும்; அல்லது கிளட்ச் வழுக்கும். நின்ற நிலையிலேயே வண்டி முன்னோக்கி ஊர்ந்தால், கிளட்ச் மணியின் பேரிங் இறுகியிருக்கலாம். கிளட்ச் ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம். அன்றி, நிற்கும்போதுள்ள என்ஜின் வேகமே மிகுந்திருக்கலாம். முதல் இரண்டும் கார்பரேட்டரைத் திருப்புவதால் தீரா.

அடுத்து, காற்று வடிகட்டி தூய்மையாக உள்ளதா, பிளக்கின் கம்பி சிவந்து ஒளிர்கிறதா, சைலன்சரிலிருந்து டாங்கிக்குச் செல்லும் குழாய் கழன்றுள்ளதா என்று நோக்குக. விசையைக் குறைத்த பின்னும் வேகம் தணியாமல் ஏறியும் இறங்கியும் அலையுமானால், எங்கோ ஒரு பிளவின் வழியே காற்று நுழைகிறது என்று கொள்ளலாம். கயிற்றை இழுக்க இயலாதபடி என்ஜின் இறுகி நின்றால், பலத்தைக் காட்டலாகாது. பெரும்பாலும் உள்ளே எரிபொருள் நிரம்பியிருக்கும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, கயிற்றை மெல்ல இழுத்தால் அது வெளியேறிவிடும்.

இவையெல்லாம் சரியான பின்னரே திருகுக்கு வரலாம். என்ஜினைச் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு, பெரிய ஊசித் திருகை ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்ப வேண்டும். வலஞ்சுழியாகத் திருப்பினால் எரிபொருள் குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் மிகும். முழு வேகத்தில் ஓடும்போது மெல்லிய புகைக்கோடு ஒன்று தொடர்ந்து தெரிய வேண்டும். புகை மறைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். என்ஜினின் தலைப்பகுதியில் ஒரு துளி நீரை விட்டால், அது சில விநாடிகள் கொதித்து மறைய வேண்டும். பட்டவுடன் சீறிப் பறந்தால் வெப்பம் மிகை.

நம் போன்று ஊர்விட்டு ஊர் வாழும் குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. டெல்லியில் கோடை நண்பகலில் வெப்பம் 45 டிகிரியை எட்டுவதுண்டு. ஜனவரி விடியலில் அது 5 டிகிரிக்கு அருகில் இறங்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. இவ்விரு நிலைகளுக்கிடையே அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே, மே மாதத்தில் பொருத்தமாயிருந்த திருகு, ஜனவரியில் எரிபொருள் போதாத நிலையை உண்டாக்கும். பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. விடுமுறைக்கு அங்கிருந்து சென்னை செல்லும் சிறுவன் தன் வண்டியையும் உடன் கொண்டுசென்றால், ஓட்டுமுன் திருகைச் சற்று இடஞ்சுழியாகத் திறந்துவிட்டு, பின்னர்ப் புகையைப் பார்த்துச் சிறிது சிறிதாக மூடிக்கொள்வதே முறை. பருவம் மாறினாலும் ஊர் மாறினாலும் இவ்விதியை மறக்கலாகாது.

மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மும்பையின் மழைக்காலத்தில் புட்டியை இறுக மூடி வைப்பது இன்றியமையாதது. ஓட்டம் முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, என்ஜினுள் சில துளி எண்ணெய் விட்டு வைத்தால் பேரிங்குகள் துருவேறா.

பெற்றோர்க்கு ஒரு சொல். மெத்தனால் கொடிய நஞ்சு; சிறிதளவு உட்கொண்டாலும் கண்ணொளி போகும், உயிருக்கும் ஆபத்து. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. குடிநீர்ப் புட்டிகளில் அதனை ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஆதலால் வீட்டினுள்ளோ மூடிய முன்றிலிலோ என்ஜினை ஓட்டவே கூடாது. திறந்த மைதானமே தக்க இடம்.

முதலில் சக்கரம், அடுத்து பிளக்கும் குழாய்களும், இறுதியில் திருகு என்னும் வரிசையில், ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைச் சிறுவர்க்குக் கற்பிப்போமாக. நாளை அவர்கள் தொடப்போகும் பெரிய பொறிகளுக்கும் அப்பழக்கம் உதவும்.